யார் வெட்டிய வாய்க்கால்?

தம்பலகாமத்திற் பிறந்தவனுக்கு நீரின் அருமையை எவரும் எடுத்தோத வேண்டுவதில்லை. கந்தளாய்க் குளத்தின் மதகு திறப்பது எந்நாள், எமது பக்கத்து வாய்க்காலுக்கு நீர் திரும்புவது எப்போது, மேல் வயற்காரர் வக்கடையைக் கட்டினாரா வெட்டினாரா என்பனவெல்லாம் இங்கே சிறுவருக்கும் தெரிந்த சங்கதிகள். நள்ளிரவிலும் மண்வெட்டியும் விளக்குமாய் வரம்பிலே நின்று, தன் வயலுக்கு வரும் நீர் எவ்வழியாய் வருகிறது என்று பார்த்துவிட்டு வந்தாலன்றி உழவனுக்கு உறக்கம் பிடிப்பதில்லை. அத்தகைய ஊரிலே பிறந்து, அந்த வரம்புகளிலே நடந்து பள்ளி சென்று, பட்டமும் பெற்று, இன்று கல்லூரியொன்றிலே பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் நாம், எமது வீட்டுக்குள் நாடோறும் பாயும் செய்திகள் எந்த வாய்க்கால் வழியே வருகின்றன என்று பல ஆண்டுகளாக ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய நாள் சென்ற ஆண்டு வந்தது; நல்ல முறையில் வரவில்லை.

எமது வீட்டில் ஒரு கணினி உண்டு. பதினைந்து ஆண்டுகளாகத் தட்டெழுதிய பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் அதற்குள்ளே கிடந்தன. அவை யாவும் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. பாமினியின் இயல்பு இலங்கைத் தமிழர் பலருக்கும் தெரிந்ததே. பார்க்கும் கண்ணுக்கு அது தமிழ். ஆனால் கணினியின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழ் முகம் ஒன்றை அவற்றின்மேல் மாட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவே. ஆகையினால் அக்குறிப்புகளுள் ஒரு சொல்லைத் தேடினால் கணினி கைவிரித்துவிடும். உலகெங்கும் இன்று வழங்கும் யுனிகோடு முறைக்கு அவற்றை மாற்றிவிட்டால் மாணாக்கருக்கும் பயன்படுமே என்று எண்ணி, இலவசமாகக் கிடைத்த எழுத்துரு மாற்றி ஒன்றை எங்கிருந்தோ இறக்கிக்கொண்டோம். அது தன்னை நிறுவிக்கொள்ளுமுன் நான்கைந்து பக்கங்களைக் காட்டியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘மேற்செல்க’ என்ற பொத்தான் இருந்தது. நாம் வாசியாமலே மேற்சென்றோம். மாணாக்கர் வினாவை வாசியாமல் விடை எழுதினால் கடிந்துகொள்ளும் ஆசிரியராகிய நாமே அவ்வாறு செய்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுதல் முறை.

மறுநாள், நாம் வழக்கமாகத் தேடும் பக்கத்தின் முகம் மாறியிருந்தது. பெயரும் புதிது. எமது மனைவியார் அதனைக் கண்டு, “இதென்ன, வேறு மாதிரி இருக்கு?” என்று கேட்டார். “இந்தக் கம்பனிகள் அடிக்கடி சட்டையை மாற்றும், சொல்லைத் தட்டினால் விடை வருகிறதுதானே” என்று பெரிய அறிஞர் போல் மறுமொழி சொன்னோம். விடை வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் இரண்டு வாரம் அந்தப் புதியவரோடேயே வாழ்ந்தோம்.

அந்த இரண்டு வாரத்துள்ளேதான் பக்கத்து வளவுப் பெண்பிள்ளை எமது வீட்டுக்கு வந்தாள். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள். தகப்பனார் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்பவர். அந்தக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்கப்போகும் முதற் பிள்ளை இவள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டிலே கணினி இல்லை. “சேர், ஒருக்கா உங்கட கொம்பியூட்டர்ல பாக்கலாமா?” என்றாள். உட்காரச் சொல்லிவிட்டு, நாம் விடைத்தாள் திருத்தப் போய்விட்டோம். அரைமணி நேரத்தில், “எல்லாம் நிரப்பிட்டன் சேர்” என்று மகிழ்ச்சியோடு போனாள்.

மூன்றாம் நாட் காலை தகப்பனார் படலையில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையிலே ஒரு பை.

“மாஸ்டர், ஒரு உதவி. நெல்லு வித்த காசு கையில கிடக்கு. கந்தளாய் பேங்குக்கு என்னைக் கொண்டுபோய் விடுவீங்களா? பிள்ளைக்குக் கம்பஸில இடம் கிடைச்சிட்டுதாம். ரெலிபோன் எடுத்துச் சொன்னவங்கள். எழுபதாயிரம் இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள கட்டவேணும். கட்டாட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்களாம்.”

எமக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. வெட்டுப்புள்ளியே இன்னும் வெளிவரவில்லை. இடத்தை யார் கொடுப்பது, யார் விற்பது? அவரைத் திண்ணையில் இருத்தித் தேநீர் கொடுத்துவிட்டு, பிள்ளையை அழைத்து, அன்று செய்ததை அப்படியே மீண்டும் செய்து காட்டும்படி கேட்டோம். அவள் சொல்லைத் தட்டினாள். பட்டியல் வந்தது. பட்டியலின் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது இணைப்புகள் யாவும் விளம்பரங்கள். விளம்பரம் என்ற குறிப்பு, கண்ணாடி போட்டுத் தேடினாற் காணும் அளவு சிறிதாய், மங்கலாய் இருந்தது. அவற்றுள் முதலாவது, வெளிநாட்டுக் கல்விக்கு ஆள் சேர்க்கும் தரகர் ஒருவரின் பக்கம். அதிலேதான் பிள்ளை தன் பெயரையும், தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும், தகப்பனாரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருந்தாள். ஆணைக்குழுவின் உண்மையான பக்கம் அந்தப் பட்டியலில் எங்கோ அடியிலே கிடந்தது.

“நான் முதலாவதா வந்ததைத்தான் அமத்தினன் சேர்” என்று அழுதாள்.

அந்தப் பிள்ளையிற் குற்றம் காண்பதற்கில்லை. முதலாவதாய் வருவதுதான் சிறந்தது என்று அவளுக்கு வகுப்பிலே கற்பித்தவர்கள் நாம். வீட்டுக் கணினியில் முதலிடத்தை எவனுக்கோ திறந்துவிட்டவர்களும் நாம். பணம் போகவில்லை, உரிய விண்ணப்பமும் உரிய காலத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டது. ஆனால் அடுத்த சில மாதங்களாக அந்த வீட்டுத் தொலைபேசிக்குப் புதுப்புதுத் தரகர்கள் அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கொடுத்த இலக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

நிற்க. அன்றிரவு நாம் கணினியின் முன் அமர்ந்து, இத்தனை ஆண்டுகளாகத் திறவாத ‘அமைப்புகள்’ என்ற அறையைத் திறந்தோம். கண்டதை வாசகர்களுக்கும் ஒழுங்காக எடுத்துரைப்பது நலம் என்று தோன்றுகிறது.

முதலிலே, இரண்டு பொருள்களை வேறுபடுத்தி அறியவேண்டும். உலாவி வேறு, தேடுபொறி வேறு. குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ், சபாரி முதலியன உலாவிகள். அவை நாம் ஏறிச் செல்லும் வண்டிகள். கூகிள், பிங், டக்டக்கோ முதலியன தேடுபொறிகள். அவை சந்தியிலே நின்று வழி சொல்பவர்கள். வண்டியின் நெற்றியிலே உள்ள முகவரிக் கட்டத்தில் நாம் ஒரு சொல்லைத் தட்டினால், வண்டி தானாகவே ஒரு குறித்த வழிகாட்டியிடம் போய் அதனைக் கேட்கும். எவரிடம் கேட்பது என்பது முன்னரே அமைப்பிலே எழுதப்பட்டிருக்கிறது. எமது வண்டியில் எழுதப்பட்டிருந்த பெயரை அந்த இலவச எழுத்துரு மாற்றி அழித்துத் தன் கூட்டாளியின் பெயரை எழுதிவிட்டது. அதுவும் எம்மைக் கேளாமற் செய்ததன்று. நிறுவும்போது வந்த பக்கங்களில் ஒன்றிலே, ‘எமது தேடலை ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரிக்கு அருகில் ‘சரி’ அடையாளம் முன்னரே இடப்பட்டிருந்தது. அதனை நீக்குவது மாத்திரமே எமது வேலை. நாம் நீக்கவில்லை; ஆகவே இசைந்தவர் ஆனோம்.

தேடுபொறி என்பதும் மந்திரவாதியன்று. நாம் கேட்கும் கணத்தில் அது உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. அதன் நிரல்கள் ஓயாது இணையப் பக்கங்களைப் படித்து, பெரிய நூல்களின் ஈற்றிலே சொற்களுக்குப் பக்க எண் கொடுப்பது போன்றதொரு சுட்டியை ஆக்கி வைத்திருக்கின்றன. நாம் கேட்டதும் அச்சுட்டியைப் புரட்டி, பொருந்தும் பக்கங்களைத் தான் வகுத்துக்கொண்ட விதிகளின்படி வரிசைப்படுத்தித் தருகிறது. ‘ஆர்ச்சி’ என்ற முதல் தேடுபொறியை 1990ஆம் ஆண்டில் ஆக்கியவர் அலன் எம்ரேஜ் என்பவர். எம்மைப்போல் ஒரு தீவிலே, பார்படோஸிலே பிறந்து, கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்தவர். அவருடைய பொறி கோப்புகளின் பெயர்களை மாத்திரமே தேடித் தந்தது. பின்னர் 1995இல் அல்ட்டாவிஸ்டா வந்தது. 1998இல் கூகிள் நிறுவனமாயிற்று. 2008இல் டக்டக்கோவும் 2009இல் பிங்கும் தோன்றின. ஒரு காலத்திற் கொடிகட்டிப் பறந்த அல்ட்டாவிஸ்டா 2013இல் மூடப்பட்டது. ஆகவே வழிகாட்டிகள் பலர் வந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். நாம்தாம் ஒருவரையன்றி மற்றவரை அறியாதிருந்தோம்.

இவ்வாறு முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கும் தெரிவைத் தமிழில் ‘இயல்புநிலை’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் ‘டிபோல்ட்’ என்ற சொல் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டில் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாமற் போனபோது பத்திரிகைகளெல்லாம் அச்சொல்லையே முழங்கின. கடன்பட்டவன் செலுத்தத் தவறினாலும் டிபோல்ட். வழக்காளி நீதிமன்றத்துக்கு வராதிருந்தாலும் டிபோல்ட். கணினிக்காரன் தெரிவு செய்யாதிருந்தாலும் டிபோல்ட். செய்யவேண்டியவன் செய்யாதவிடத்து நிகழ்வது எதுவோ அதுவே இச்சொல்லின் உட்பொருள். அந்த வகையிற் பார்த்தால் ‘இயல்புநிலை’ என்ற தமிழ்ச் சொல் சற்று ஏமாற்றுவது. இயல்பு என்றதும் இயற்கையாய் அமைந்தது என்று எண்ணிவிடுகிறோம். வாய்க்கால் தானாக ஓடுவது போலத் தோன்றும். ஆனால் ஆறுதான் தானாக ஓடும், வாய்க்காலை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டுவதற்கு ஆகும் கூலி எவ்வளவு என்பதை அறிந்தபோது எமக்குத் திகைப்பு உண்டாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் அரசு கூகிள் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கிலே, 2024 ஆகஸ்ட் 5ஆம் நாள் வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் தன்னை இயல்புநிலைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகவே 2021ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் அந்நிறுவனம் 2,630 கோடி டொலர் கொடுத்தது என்பது அவ்வழக்கில் வெளிவந்த கணக்கு. அவ்வாறு கொடுத்துத் தன் தனியாதிக்கத்தைச் சட்டத்துக்கு மாறாகக் காத்துக்கொண்டது என்பது நீதிபதியின் முடிபு. அமெரிக்காவில் நிகழும் தேடல்களில் ஏறத்தாழப் பாதி அத்தகைய ஒப்பந்த வாயில்களினூடாகவே செல்கின்றனவாம். 2025 செப்டெம்பர் 2ஆம் நாள், அதே நீதிபதி, தன்னை மாத்திரமே வைக்கவேண்டும் என்று கட்டிப்போடும் ஒப்பந்தங்களைத் தடைசெய்தார்; ஆனால் பணம் கொடுப்பதை அறவே விலக்கவில்லை.

ஒரு பக்கத்தை மாத்திரம் சொல்வது நீதியன்று. அந்த நிறுவனம் தரத்தில் உயர்ந்தது என்பதை அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டிருக்கிறது. பயர்பொக்ஸ் உலாவி 2014ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவிலே கூகிளைவிட்டு யாகூவைத் தன் இயல்புநிலையாக்கிப் பார்த்தது. மூன்றாண்டு கழித்து 2017 நவம்பரில் மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பியது. ஆகவே மக்கள் எதை வைத்தாலும் விழுங்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், ஒரு சொடுக்கில் மாற்றிவிடக்கூடிய ஓர் இடத்துக்கு ஆண்டொன்றுக்கு 2,630 கோடி டொலர் கொடுக்க ஒருவர் முன்வருகிறார் என்றால், நம்மிற் பெரும்பாலோர் அந்தச் சொடுக்கைச் செய்யமாட்டோம் என்பது அவருக்கு நன்கு தெரியும் என்றே பொருள். நமது சோம்பலுக்கு இவ்வளவு விலை உண்டு என்பது நமக்குத்தான் தெரியாமற் போயிற்று.

பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள நம் உறவினர்க்கு இக்காரியத்திலே சிறிது வசதி கிட்டியிருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஒக்டோபர் 20ஆம் நாள் ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் தொடர்பில் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபா தண்டம் விதித்தது. புதிய தொலைபேசியை முதன்முதல் இயக்கும்போதே இயல்புநிலைத் தேடுபொறி எது என்று வாங்கியவரிடம் கேட்கவேண்டும் என்றும் பணித்தது. அவ்வாறு தெரிவு செய்யும் வழி தரப்படும் என்று 2023 சனவரியில் கூகிள் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இத்தகைய தெரிவுத் திரைகள் உண்டு. எமது கையிற் கிடைத்த கருவிகளோ ஒன்றேனும் எம்மை அவ்வாறு கேட்டதில்லை. கேட்பார் இல்லாதவிடத்து நாமே போய்ப் பார்க்கவேண்டியதுதான்.

இதனை வீட்டோடு விட்டுவிட மனம் வரவில்லை. கல்லூரிக் கணினி அறையைப் பொறுப்பேற்றிருக்கும் நண்பரின் அனுமதி பெற்று ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். நான்கு கணினிகளில் நான்கு வெவ்வேறு தேடுபொறிகளை இயல்புநிலையாக வைத்து, மாணாக்கரை நான்கு குழுவாக்கி, எல்லோருக்கும் ஒரே வினாவைக் கொடுத்தோம்: “கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார்?”

பத்து நிமிடத்துக்குள் அறையிலே சண்டை மூண்டது. ஒரு குழுவின் பட்டியலில் முதலாவதாய் வந்த பக்கம் குளக்கோட்டு மன்னன் என்றது. கோணேசர் கல்வெட்டு என்ற நூலின் வழிவந்த மரபு அது. மற்றொரு குழுவின் முதற் பக்கம் இரண்டாம் அக்கபோதி மன்னன் என்றது. சூளவம்சத்தின் வழிவந்த வரலாறு அது. இரு குழுவினரும் ‘கணினியே சொல்கிறது’ என்று கத்தினார்கள். நாம் அவர்களை அமரச் செய்து, “இரண்டும் இரண்டு நூல்களின் கூற்று. எந்த நூல், எக்காலத்தது, யாருக்காக எழுதப்பட்டது என்று அறிந்த பின்னரே தீர்ப்புச் சொல்லவேண்டும். உங்கள் முதல் வரி, விசாரணையின் தொடக்கமேயன்றி முடிவன்று” என்றோம். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி எழுதி நாம் புகட்ட இயலாத ஒரு பாடத்தை, நான்கு கணினிகள் ஒரு மணி நேரத்திற் புகட்டிவிட்டன. அவை எல்லாம் ஒரே பொறியில் இருந்திருந்தால் நான்கு குழுவும் ஒரே விடையை எழுதி, நாமும் ‘சரி’ போட்டிருப்போம். இன்று சில பொறிகள் பட்டியலுக்கும் மேலே, தாமே தொகுத்த விடையொன்றையும் வைத்துவிடுகின்றன. பட்டியலையாவது இரண்டாம் வரிவரை பார்த்த கண்கள் இப்போது அதையும் பாராமல் விடும் அபாயம் உண்டு.

வேறொரு வேடிக்கையும் கண்டோம். இரண்டு குழுக்களின் பட்டியல்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. தேடுபொறிகள் எல்லாவற்றுக்கும் சொந்தச் சுட்டி இல்லை. டக்டக்கோ தன் வழக்கமான இணைப்புகளைப் பெரும்பாலும் பிங்கிடமிருந்தே பெறுகிறது. தேடுபவரைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதில்லை என்பதுதான் அது தரும் உறுதி. விளம்பர வருவாயில் மரம் நடும் எகோசியா என்ற செர்மனிய நிறுவனமும் பிறர் சுட்டியை நம்பியே தொழில் தொடங்கியது. கூகிள், பிங், பிரேவ் முதலியவை தம் சுட்டியைத் தாமே ஆக்குபவை. வாய்க்கால்கள் பலவாயினும் குளங்கள் சில என்பது தம்பலகாமத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆகவே மாற்றுபவர் பெயர்ப்பலகையை மாத்திரம் பாராமல், நீர் எந்தக் குளத்தினது என்பதையும் கேட்டறிவது நன்று.

தமிழிலே தேடுபவர் இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். எமது ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘தம்பலகாமம்’ என்பது ‘தம்பலகாமத்தில்’, ‘தம்பலகாமத்துக்கு’ என்று வேற்றுமை ஏற்று உருமாறுகிறது. சிங்கள வழக்கில் ‘தம்பலகமுவ’ என்பர். ஆங்கிலத்தில் எழுதுவோர் தத்தமக்குத் தோன்றியவாறு எழுதுவர். ஒரு வடிவத்தைத் தட்டிவிட்டு, ‘எங்கள் ஊரைப்பற்றி ஒன்றும் இல்லை’ என்று எழுந்துவிடுவது தவறு. எமது பரீட்சையில், ஆங்கிலத்தில் நன்றாக விடையிறுத்த பொறியொன்று தமிழிற் கேட்டபோது தடுமாறிற்று. பாமினியில் எழுதிய பழைய பக்கங்களோ எந்தப் பொறியின் கண்ணிலும் தமிழாய்ப் படுவதில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிலே 2005 முதற் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற தளத்துக்கு நேரே சென்று தேடுவது பல வேளைகளில் எந்தப் பொதுப் பொறியிலும் கிடையாததைத் தந்தது. பொதுச் சந்தியிலே நின்று கேட்பதைவிட, தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டுவது மேல் அல்லவா?

இனி, மாற்றுவது எப்படி என்று கேட்பவர்க்குச் சுருக்கமாகச் சொல்வோம். குரோம் உலாவியில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, ‘அமைப்புகள்’ என்பதைத் திறந்தால் ‘தேடுபொறி’ என்ற பகுதி இருக்கும். பயர்பொக்ஸில் மூன்று கோடுகளைச் சொடுக்கி, ‘அமைப்புகள்’, பின்னர் ‘தேடல்’ என்று சென்றால் ‘இயல்புநிலைத் தேடுபொறி’ என்ற பட்டியல் தெரியும். தெரிவதைச் சொடுக்கினால் ஆயிற்று. அதே இடத்திலே வேறு தளங்களுக்கும் குறுஞ்சொல் வைத்துக்கொள்ள வழியுண்டு. அதன் பின் அச்சொல்லைத் தட்டிவிட்டுக் கேட்டால், உலாவி நேரே அந்தத் தளத்திடமே கேட்கும். மாற்றிய பின்னரும் பழைய வேண்டாதவர் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தால், ‘நீட்சிகள்’ என்ற பகுதியில் நாம் அறியாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அறிக. எமக்கு நேர்ந்தது அதுவே. அந்த நீட்சியையும், அதனைக் கொணர்ந்த எழுத்துரு மாற்றியையும் சேர்த்து நீக்கிய பின்னரே அமைப்பு நிலைத்தது. எப்பொறியை வைத்திருப்பினும், விளம்பரம் என்ற சிறு குறிப்பைத் தேடிப் பார்ப்பதும், அரச அலுவலுக்குப் போகும்போது முகவரியின் ஈற்றை வாசிப்பதும் தவறாத வழக்கமாக இருக்கவேண்டும். இலங்கை அரச தளங்கள் ‘கவ் டொட் எல்கே’ என்றும், பல்கலைக்கழகம் சார்ந்தவை ‘ஏசி டொட் எல்கே’ என்றும் முடிவது வழக்கம்.

நீர் எந்தப் பொறியை வைத்துக்கொண்டீர் என்று சிலர் வினவக்கூடும். அதனைச் சொன்னால், எம்மை நம்பிச் சிலர் அதையே வைத்துக்கொள்வார்கள். அப்போது அவர்களுக்கு வாய்க்கால் வெட்டியவர்கள் நாமாகிவிடுவோம். ஆகையாற் சொல்லாமல் விடுகிறோம்.

பக்கத்து வளவுப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்திற் படிக்கிறாள். வெட்டுப்புள்ளி வந்த அன்று தகப்பனார் அதே வெள்ளை வேட்டியோடு வந்து, ஒரு சாக்குப் புது நெல்லைத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார். அந்த நெல்லை உண்ணும் தகுதி எமக்கு உண்டா என்று எண்ணியவாறே உண்டோம். விடுமுறைக்கு வந்தபோது பிள்ளை தனது புதிய கைத்தொலைபேசியைக் காட்டினாள். எதை வைத்திருக்கிறாய் என்று கேட்டோம்.

“நாலையும் வைச்சுப் பாத்தன் சேர். கடைசியில, போன் வாங்கேக்க இருந்ததையேதான் வைச்சிருக்கிறன்” என்றாள்.

“அப்படியானால் ஒன்றும் மாறவில்லையே?” என்றோம்.

“இல்ல சேர்” என்று சிரித்தாள். “முந்தி அது இருந்தது. இப்ப நான் வைச்சிருக்கிறன்.”